குரு இல்லாத ஒன்பது ஆண்டுகள்

அன்பு மகள் யாழினிக்கு,

உன் ஆசிரியர் மறைந்து ஆறு வாரங்கள் ஆகியும் பியானோவின் மூடியைத் திறக்க மனம் வரவில்லை என்று நீ எழுதியிருந்ததைப் படித்த நாள் முதல், உனக்குச் சொல்ல வேண்டிய ஒன்றை மனத்துக்குள் சேர்த்து வைத்திருக்கிறேன். தொலைபேசியில் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும், அதனால் எழுதுகிறேன். நீ இருக்கும் அதே பெர்லினில், நூறு ஆண்டுகளுக்கு முன்பு, உன்னைப் போலவே குருவை இழந்து நின்ற ஒரு பையனின் கதை இது.

அந்தப் பையன்தான் பியானோ கலைஞர் கிளாடியோ அராவ்; அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்டே நீ வளர்ந்தாய். ஆனால் அவருடைய வாழ்க்கையை நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. சிலி நாட்டின் சில்லான் என்னும் ஊரில் 1903ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். கண் மருத்துவரான தந்தை, மகன் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். தாய் லுக்ரேசியா பியானோ சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். அந்தப் பாடங்களைக் கேட்டபடி வளர்ந்த குழந்தை, எழுத்துக் கூட்டத் தெரிவதற்கு முன்பே இசைக்குறிப்பைப் படித்தது. ஐந்து வயதில் சொந்த ஊரில் முதல் கச்சேரி செய்தது. சிலி அரசு உதவித்தொகை கொடுக்க, 1911இல் எட்டு வயது மகனை அந்தத் தாய் பெர்லினுக்கு அழைத்துச் சென்றார். உன்னை விமான நிலையத்தில் விட்டுத் திரும்பிய இரவில் நான் நினைத்துக்கொண்டது அவரைத்தான். அவரைப் போல நானும் உடன் வந்திருக்க வேண்டும் என்ற குறை எனக்கு இன்றும் உண்டு.

பெர்லினில் முதலில் வாய்த்த ஆசிரியர்கள் சரிவரவில்லை. பிறகுதான் மார்ட்டின் கிரவுசே கிடைத்தார். பீத்தோவனிடம் கற்றவர் செர்னி, செர்னியிடம் கற்றவர் லிஸ்ட், லிஸ்டிடம் கற்றவர் கிரவுசே. இந்தப் பரம்பரையின் அடுத்த கண்ணியாக அவர் இந்தச் சிறுவனை ஏற்றுக்கொண்டார். பாடத்துக்குப் பணம் வாங்கவில்லை. தம் வீட்டிலேயே சாதகம் செய்ய வைத்தார். கடினமான பகுதிகளை வெவ்வேறு வேகங்களிலும் வெவ்வேறு தாளக்கட்டுகளிலும், சுருதியை மாற்றியும்கூட வாசிக்கச் சொன்னார். உன் ஆசிரியரும் இப்படித்தான் ஒரே பக்கத்தை வாரக்கணக்கில் திருப்பித் திருப்பி வாசிக்க வைக்கிறார் என்று நீ முதலாண்டில் குறைபட்டுக்கொண்டாயே, நினைவிருக்கிறதா?

1918இல் கிரவுசே இறந்தபோது அராவுக்குப் பதினைந்து வயது. அதற்குப் பிறகு அவர் வேறு எந்த ஆசிரியரிடமும் போகவில்லை. 1919இலும் 1920இலும் லிஸ்ட் பரிசு கிடைத்தது என்பதைப் பார்த்து, எல்லாம் நன்றாகத்தான் போயிற்று என்று எண்ணிவிடாதே. உதவித்தொகை நின்றுபோனது; குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது; 1923இல் நம்பிக்கையோடு தொடங்கிய அமெரிக்கப் பயணம் தோல்வியில் முடிந்தது. கைகளில் ஒரு குறையும் இல்லாமலேயே, மேடையேறும் துணிவு அவரிடமிருந்து நழுவிக்கொண்டிருந்தது. அப்போது அவர் செய்த காரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஓர் உளப்பகுப்பாய்வு மருத்துவரிடம் போனார். அந்த மருத்துவருடனான உறவு பல்லாண்டுகள் நீடித்தது. அதைப் பிற்காலத்தில் அவர் மறைக்கவில்லை. இசைக்கலைஞர்களுக்கு அது தேவை என்று வெளிப்படையாக எழுதவும் செய்தார். உன் கல்லூரியில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று சொன்னாயே, அவரைப் போய்ப் பார், கண்ணம்மா. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

1927இல், கிரவுசே இறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, ஜெனீவாவில் நடந்த பன்னாட்டுப் போட்டியில் அராவ் முதல் பரிசு பெற்றார். நடுவர்களில் புகழ்பெற்ற பியானோ கலைஞர்களான ரூபின்ஸ்டைனும் கோர்ட்டோவும் இருந்தார்கள். அதன் பிறகு வந்த புகழையும், 1941இல் நியூயார்க்கில் குடியேறியதையும், பீத்தோவன் சொனாட்டாக்கள் முப்பத்திரண்டையும் ஒலிப்பதிவு செய்ததையும் நீயே அறிவாய்.

உனக்கு முக்கியமான ஒன்று மட்டும் மீதி இருக்கிறது. 1935-36இல் பெர்லினில், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் விசைக்கருவிகளுக்கென எழுதியவற்றையெல்லாம் பன்னிரண்டு கச்சேரிகளில் வாசித்து முடித்த அராவ், பாக்கின் இசைக்குப் பியானோ பொருந்தாது என்று முடிவு செய்து, மேடைகளில் அதை விட்டுவிட்டார். ஆனால் 1991 ஜூனில் எண்பத்தெட்டு வயதில் இறந்த அவர், அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், பார்ட்டிட்டா எனப்படும் பாக்கின் நடன இசைத் தொகுப்புகளில் நான்கை ஒலிப்பதிவு செய்துவிட்டுப் போனார். உன் ஆசிரியர் பாதியில் விட்டுச் சென்ற முதல் பார்ட்டிட்டாவும் அவற்றில் ஒன்று. நேற்று இரவு அதைக் கேட்டேன். இளமையின் வேகம் இல்லை. ஆனால் ஒவ்வொரு சுரத்தையும் விட மனமில்லாமல் விடுகிறார்.

அந்த இசைப்புத்தகத்தில் உன் ஆசிரியரின் பென்சில் குறிப்புகள் இருக்கும் அல்லவா? அவற்றை அழித்துவிடாதே. அவர் கடைசியாகக் குறித்த இடம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அம்மா