மயங்கி விழும் நர்சிங் மாணவர்கள்

ஆசிரியருக்கு,

பயிற்சியில் ரத்தத்தைப் பார்த்து மயங்கும் நர்சிங் மாணவர்களை 'மனதிடம் போதாது' என்று ஒதுக்குவது தவறு. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்குவதுதான் காரணம்; திடத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கொட்டாவி, குளிர்ந்த வியர்வை, காதடைப்பு, பார்வை மங்கல் வந்ததுமே கை, தொடை, வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடி, முகம் சூடேறும் வரை இறுக்க வேண்டும். பிறகு 20 முதல் 30 விநாடி தளர்வு, அதுவும் முழுக்கத் தொய்ந்துவிடாமல். இப்படி 5 முறை. முட்டியை விறைத்து நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும்.

அடங்காவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு, ஸ்டெரைல் டிராலியை (கிருமி நீக்கிய கருவிகள் வைத்த தள்ளுவண்டி) விட்டு விலகித் தரையில் உட்காருங்கள். வெட்கப்பட்டு வெளியே ஓடுபவர்தான் வராந்தாவில் விழுந்து மண்டையை உடைத்துக்கொள்கிறார். உடற்பயிற்சியாக ஓடும்போதோ படுத்திருக்கும்போதோ மயங்கினால் விஷயமே வேறு, ஈ.சி.ஜி. எடுத்தாக வேண்டும்.

– நர்சிங் பயிற்றுநர்கள்