கோரிக்கை மனு: பெருந்தமனிக் கிழிவு நோயாளிகளுக்கான இரத்த அழுத்த மாத்திரைகள் தடையின்றியும் மாற்றமின்றியும் கிடைக்கச் செய்தல்

அனுப்புநர்
ஓய்வுபெற்ற ஊர்ப்புற நூலகர்
(பெயர், முகவரி, கைப்பேசி எண் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம்,
சென்னை – 600 009.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பொருள்: அறுவை சிகிச்சையின்றி மாத்திரைகளால் மட்டுமே பராமரிக்கப்படும் பெருந்தமனிக் கிழிவு நோயாளிகளைச் சாதாரண இரத்த அழுத்த நோயாளிகளிடமிருந்து பிரித்தறிந்து, உரிய மருந்துகளை ஆரம்ப சுகாதார நிலைய அளவிலேயே வழங்கக் கோருதல் – தொடர்பாக.

வணக்கம். எனக்கு 61 வயதாகிறது. 2023 அக்டோபரில் ஒரு மாலை, நூலகத்தின் மேல்தட்டிலிருந்து பழைய வார இதழ்க் கட்டொன்றை இறக்கியபோது, இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே துணியைக் கிழிப்பதுபோல் ஒரு வலி தோன்றிச் சில நிமிடங்களில் இடுப்புவரை இறங்கியது. முதலில் சென்ற இடத்தில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, வாயுப் பிடிப்பு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். வலி அடங்காததால் அன்றிரவே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே இரத்த அழுத்தம் 210/120 இருந்தது. இரு கைகளிலும் மாற்றி மாற்றிப் பார்த்த இளம் மருத்துவர் ஒருவர் சந்தேகப்பட்டு, சாயம் செலுத்தி சி.டி. ஸ்கேன் எடுக்கச் செய்ததால்தான் இம்மனுவை எழுத நான் இருக்கிறேன்.

இதயத்திலிருந்து உடலெங்கும் இரத்தத்தைக் கொண்டு செல்லும் பெரிய குழாயான பெருந்தமனியின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. உள்ளடுக்கில் கிழிசல் விழுந்தால், இரத்தம் அதன் வழியே சுவருக்குள் புகுந்து அடுக்குகளைப் பிரித்துக்கொண்டே போகும்; இதுவே பெருந்தமனிக் கிழிவு. இதயத்தை ஒட்டிய ஏறுதமனியில் இது நேர்ந்தால் 'டைப் ஏ' என்பார்கள்; அதற்கு உடனடி அறுவை சிகிச்சை தேவை. எனக்கு நேர்ந்தது இடது கைக்குக் கிளை பிரியும் இடத்துக்கு அப்பால் தொடங்கும் 'டைப் பி'. சிறுநீரகத்துக்கோ குடலுக்கோ கால்களுக்கோ போகும் இரத்தம் தடைபடவில்லை, கசிவும் இல்லை. ஆகவே மருந்தாலேயே கட்டுப்படுத்துவது என்று முடிவெடுத்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு நாட்கள் லேபெட்டலால் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, பிறகு மெட்டோப்ரோலால், டெல்மிசார்டன், அம்லோடிபின் மாத்திரைகளுக்கு மாற்றினார்கள். மேல் அழுத்தம் 120-க்குக் கீழேயும் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60-ஐ ஒட்டியும் இருக்க வேண்டும் என்பது கட்டளை. வீட்டுக்கு அனுப்பும்போது பேராசிரியர் என் மனைவியைப் பார்த்து, "ஆபரேஷன் பண்ணலையேன்னு நினைக்காதீங்கம்மா, இந்த மாத்திரைதான் இவருக்கு ஆபரேஷன்" என்றார்.

இம்முறை புதியதன்று என்பதை நூலகர் என்ற முறையில் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். 1965-இலேயே அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் மைரன் வீட் என்ற அறுவை சிகிச்சை நிபுணரும் அவருடைய குழுவினரும், அழுத்தத்தைக் குறைப்பதோடு இதயம் இரத்தத்தை உந்தித் தள்ளும் வேகத்தையும் தணித்தால் கிழிசல் பரவாமல் நிறுத்தலாம் என்று எழுதினார்கள். அன்று அவர்கள் கையாண்ட மருந்துகளுள் ஒன்றான ரெசர்பின், நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது என்று அறிந்தபோது எனக்குச் சற்றே ஆறுதலாகவும் இருந்தது. இன்று அந்த இடத்தில், இதயத் துடிப்பின் வேகத்தையும் விசையையும் தணிக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள் இருக்கின்றன; நான் விழுங்கும் மெட்டோப்ரோலால் அவ்வகையைச் சேர்ந்தது.

என் குறை அந்த வகை மருந்தைப் பற்றியதே. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ், பெண் சுகாதாரத் தன்னார்வலர் மாதந்தோறும் என் வீட்டுத் திண்ணைக்கே வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை தருகிறார். அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. மழை நாளில்கூடப் பையை முந்தானையால் மூடிக்கொண்டு வந்திருக்கிறார். ஆனால் அவருடைய பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே 'பி.பி.' என்ற இரண்டெழுத்துக்கு மேல் எதுவும் இல்லை. என் தெருவில் அதே இரண்டெழுத்தோடு இன்னும் ஒன்பது பேர் இருக்கிறோம்.

இதனால் இருமுறை விபரீதம் நேர இருந்தது. கடந்த ஆடியில் மெட்டோப்ரோலால் இருப்பு இல்லை என்று 19 நாட்கள் அம்லோடிபின் மட்டும் கொடுக்கப்பட்டது. "ரெண்டுமே பிரஷர் மாத்திரைதானே" என்று மருந்து கொடுத்த இடத்தில் சொன்னார்கள். மூன்றாம் நாள் காலை, சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டு மணிக்கட்டில் எண்ணியபோது, உட்கார்ந்த நிலையிலேயே நாடி 96 அடித்தது. மனைவி அன்றே பேருந்தேறி நகரத்து மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்கி வந்தார். இரண்டாம் முறை, முகாமுக்கு வந்திருந்த புதிய மருத்துவர் என் அழுத்தம் 112/70 இருப்பதைக் கண்டு, நார்மலாகிவிட்டது என்று மகிழ்ந்து ஒரு மாத்திரையைக் குறைத்து எழுதினார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். சாதாரண நோயாளியாக இருந்தால் அது சரியான முடிவாகவே இருந்திருக்கலாம். எனக்கு வேண்டிய அளவே அதுதான் என்பதை அவருக்குச் சொல்ல அந்தச் சீட்டில் ஒரு வரிகூட இல்லை.

பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தினால், அடக்கி வைத்திருந்த துடிப்பும் அழுத்தமும் முன்னைவிட வேகமாக எழும்பக்கூடும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அம்லோடிபின் போல இரத்தக் குழாயை விரித்து அழுத்தத்தை இறக்கும் மருந்தைத் தனியாகக் கொடுத்தால், இதயம் அதை ஈடுகட்டும் முயற்சியில் வேகமாகத் துடித்துக் கிழிசலின்மேல் மோதும் அபாயமும் உண்டு. ஆகவே இருப்பில் உள்ள ஏதோ ஒரு பிரஷர் மாத்திரையை ஈடாகத் தருவது எங்களுக்குப் பொருந்தாது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை என்னிடம் இருக்கிறது. மருத்துவமனையில் படுத்தால் அது உதவும், தினமும் விழுங்கும் மாத்திரைக்கு உதவாது.

எனவே, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலிருந்து இந்நோய்க்காக மருந்துச் சிகிச்சையில் வெளியே அனுப்பப்படும் ஒவ்வொருவருடைய விவரமும் அவரவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எழுத்து மூலம் அனுப்பப்பட வேண்டும் என்றும், நோயாளியின் கையேட்டிலும் தன்னார்வலரின் பதிவேட்டிலும் "பெருந்தமனிக் கிழிவு: பரிந்துரைத்த மருத்துவமனையைக் கேட்காமல் மருந்தை மாற்றவோ குறைக்கவோ நிறுத்தவோ கூடாது" என்று முத்திரையிட்டு, அடைய வேண்டிய அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் எண்ணிலேயே எழுத வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மெட்டோப்ரோலால் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துதான். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியாக இது எங்கள் நிலையங்களுக்கு முறிவின்றி வரவும், எங்களைப் போன்றோருக்கு மட்டுமேனும் 60 நாட்களுக்கான மாத்திரை சேர்த்து வழங்கவும் ஆணையிட வேண்டுகிறேன். ஒரு முறை வரத்து தவறினாலும் கையில் ஒரு மாதம் இருக்கும்.

தன்னார்வலர்கள் அழுத்தத்தோடு நாடியையும் குறித்தால் நல்லது. கருவியில் அந்த எண் அழுத்தத்துக்குக் கீழேயே தெரிகிறது. பதிவேட்டில்தான் அதற்குக் கட்டம் இல்லை. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளூரோகுயினோலோன் வகை நுண்ணுயிர்க்கொல்லி (ஆன்டிபயாடிக்) மாத்திரைகளைப் பெருந்தமனிக் கோளாறு உள்ளவர்களுக்கு இயன்றவரை தவிர்க்குமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்திருப்பதால், மேற்சொன்ன முத்திரையிலேயே அதற்கும் ஒரு வரி ஒதுக்கலாம்.

தொடர் ஸ்கேன் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடைசியாக எடுத்தபோது என் தமனியின் அகலம் 41 மில்லிமீட்டர். 55-ஐ எட்டினால் ஸ்டென்ட் கிராஃப்டோ (தமனிக்குள் பொருத்தும் உறையிட்ட குழாய்) அறுவை சிகிச்சையோ பற்றி யோசிப்பார்கள் என்பதால், ஆண்டுக்கொரு ஸ்கேன் கட்டாயம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக வெளிநோயாளி சீட்டு வாங்கி வரிசையில் முதலிலிருந்து நிற்காமல், முந்தைய ஸ்கேன் எடுக்கும்போதே அடுத்த தேதியையும் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும்.

என் டிஸ்சார்ஜ் சம்மரி, இரு ஸ்கேன் அறிக்கைகள், மருந்து மாற்றி எழுதப்பட்ட சீட்டு, ஆடி மாதம் நான் எழுதி வைத்த நாடிக் குறிப்பு ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். இம்மனுவின்மேல் எடுக்கப்படும் நடவடிக்கையை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற ஊர்ப்புற நூலகர்