திரையின் அளவைச் சுவர் தீர்மானிக்கக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வீட்டுத் திரையரங்கு அமைப்பது குறித்து வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். புரொஜெக்டர், ஸ்பீக்கர், இருக்கை ஆகியவற்றைப் பற்றிப் பயனுள்ள செய்திகள் பல அதில் இருந்தன. ஆனால் திரையின் அளவைப் பற்றிப் பேசுமிடத்தில், சுவர் இடங்கொடுக்கும் மட்டும் பெரிய திரையாக வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் முடித்திருந்தது எனக்கு உடன்பாடாக இல்லை. ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். மாடியில் ஓர் அறையைத் 'தியேட்டர் ரூம்' என்று ஒதுக்கச் சொல்லும் குடும்பங்கள் இப்போது பெருகிவிட்டன. அவர்களில் பலரும் 150 அங்குலம் என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டே வருகிறார்கள். எங்கே உட்கார்ந்து பார்ப்பதாக உத்தேசம் என்று கேட்டால்தான் யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

முதலில் அந்த எண்ணையே அடிக்கணக்கில் பார்த்துவிடுவது நல்லது. திரையின் அளவு என்று விளம்பரங்களில் வருவது மூலைக்கு மூலை எடுத்த அளவு. 16:9 விகிதத்தில் (அகலம் 16 பங்கு என்றால் உயரம் 9 பங்கு) உள்ள 100 அங்குலத் திரை ஏறத்தாழ ஏழேகால் அடி அகலமும் நான்கடி உயரமும் கொண்டது. 120 அங்குலத் திரை எட்டே முக்கால் அடி அகலமும் ஐந்தடிக்குச் சற்றே குறைந்த உயரமும் கொண்டது. 150 அங்குலமோ பதினொரு அடிக்குச் சற்றே குறைந்த அகலம், ஆறடிக்கு மேல் உயரம். நம் பக்கத்து வீடுகளில் இதற்கென ஒதுக்கப்படும் அறை பெரும்பாலும் 12க்கு 15 அடிதான். அந்த 12 அடிச் சுவரில் 150 அங்குலத் திரையை மாட்டினால் இருபுறமும் அரையடி மிஞ்சும். இடது, வலது ஸ்பீக்கர்களை எங்கே வைப்பது என்ற கேள்வி திரை வந்து இறங்கிய பிறகே எழுகிறது. ஒலி ஊடுருவும் நுண்துளைத் திரைகளை வாங்கி அவற்றின் பின்னால் ஸ்பீக்கர்களை வைக்கலாம்தான். ஆனால் அதற்கென அறையின் நீளத்தில் ஓர் அடியையாவது விட்டுக்கொடுக்க வேண்டும், செலவும் கூடும்.

அளவைத் தீர்மானிக்க வேண்டியது இருக்கைதான். கண்ணுக்கும் திரைக்கும் இடையே உள்ள தூரத்தை அங்குலத்தில் எடுத்து, அதை 1.6ஆல் வகுத்தால் குறைந்தபட்ச அளவும், 1.2ஆல் வகுத்தால் அதிகபட்ச அளவும் கிடைக்கும். இது நானாகச் சொல்லும் கணக்கு அன்று. திரையின் இரு விளிம்புகளும் பார்ப்பவரின் கண்ணில் ஏறத்தாழ 30 பாகைக் கோணத்தை அடைக்க வேண்டும் என்ற அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கத்தின் பரிந்துரையும், 40 பாகை வரை போகலாம் என்ற, திரையரங்குத் தரங்களை வகுக்கும் டி.எச்.எக்ஸ். நிறுவனத்தின் பரிந்துரையும் சேர்ந்து தரும் எல்லைகள் இவை. பதினைந்து அடி நீள அறையில் சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போடாமல் சற்று முன்னே இழுத்துப் போட்டால் (ஒட்டிப் போட்டால் தாழ்ந்த சுருதி ஒலிகள் அங்கே குவிந்து காதில் இரையும்) கண்ணிலிருந்து திரை வரை 12 அடி, அதாவது 144 அங்குலம் வரும். அதற்கு ஏற்ற திரை 90 முதல் 120 அங்குலம் வரை. 150 அங்குலம் வேண்டுமென்றால் 15 அடி தள்ளி உட்கார வேண்டும். அவ்வளவு தள்ளி உட்கார அந்த அறையில் இடமே இல்லை.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இது புதிய பாடம் அன்று. ஊர் ஊராகச் சென்று கொட்டகையில் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் வெரைட்டி ஹால் என்ற திரையரங்கைக் கட்டிய ஊர் அது. பின்னாளில் நம் கிராமத்து டூரிங் டாக்கீஸ்களில் திரைக்கு அருகே இருந்த மணல்தரைக்குத்தான் மிகக் குறைந்த கட்டணம். பின்னே போகப் போக விலை ஏறும். திரை எல்லோருக்கும் ஒன்றுதான், அன்று விலை வைக்கப்பட்டது உட்காரும் இடத்துக்கு. வீட்டில் 12 அடியில் 150 அங்குலத் திரையைக் கட்டுகிறவர் லட்சங்களைச் செலவழித்துத் தரை டிக்கெட்டை வாங்குகிறார் என்றே நான் சொல்வேன். அதுதான் பிடிக்கும் என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை.

அந்த இரு எல்லைகளுக்கு நடுவே எங்கே நிற்பது என்பதைப் படத்தின் நுணுக்கம் முடிவு செய்யும். நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகைக்குச் சுமார் 60 புள்ளிகள் வரை பிரித்தறியும். ஃபுல் எச்.டி. படத்தில் குறுக்கே 1920 புள்ளிகள் உள்ளன. 30 பாகைக்குள் அவை பாகைக்கு 64 என்று அமைவதால் படம் வழவழப்பாகத் தெரியும், 40 பாகைக்கு விரித்தாலோ 48 ஆகக் குறைந்துவிடும். ஆகவே ஃபுல் எச்.டி. புரொஜெக்டர் கருவிக்கு 90 அங்குலத்தை ஒட்டியும், குறுக்கே அதைப்போல் இரு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே கருவிக்கு 120 அங்குலத்தை ஒட்டியும் திரையைத் தேர்வது பொருத்தம். பெட்டியின் மேல் '4கே சப்போர்ட்' என்றிருப்பதால் கருவி 4கே ஆகிவிடாது; 4கே படத்தை உள்வாங்கிக் குறைந்த புள்ளிகளில் காட்டும் கருவிகளுக்கும் அதே வாசகத்தை ஒட்டுகிறார்கள்.

எல்லாவற்றையும்விட மக்கள் ஏமாறும் இடம் வெளிச்சம். 100 அங்குலத் திரையின் பரப்பு ஏறத்தாழ 30 சதுர அடி. 150 அங்குலத்தின் பரப்பு 67 சதுர அடி. கருவி உமிழும் ஒளி அதேதான் என்பதால், ஒன்றரை மடங்கு அளவுக்குப் போகிறவருக்குக் கிடைக்கும் வெளிச்சம் இரண்டேகாலில் ஒரு பங்குதான். உண்மையான 1000 லூமென் (கருவி உமிழும் ஒளியின் அளவு) தரும் கருவியைச் சாதாரண வெள்ளைத் திரையில் செலுத்தினால் 100 அங்குலத்தில் சதுர அடிக்குச் சுமார் 34 லூமென் விழும். 150 அங்குலத்தில் 15தான். டிஜிட்டல் திரையரங்குகளுக்கு வகுக்கப்பட்ட தரம் இந்தக் கணக்கில் 14 என்பதால் இது போதுமென்று தோன்றலாம். ஆனால் அந்தத் தரம் முழுக்க இருட்டடிக்கப்பட்ட அரங்குக்கு உரியது. தவிரவும், விளக்கு வகைக் கருவிகளில் விளக்கின் ஆயுள் என்று தயாரிப்பாளர்கள் அச்சிடுவதே வெளிச்சம் பாதியாகக் குறையும் வரையிலான காலத்தைத்தான். விலை குறைந்த கருவிகளின் பெட்டியில் ஆயிரக்கணக்கில் லூமென் போட்டிருந்தாலும், ஆன்சி என்ற அமெரிக்கத் தர அளவீட்டு முறையில் அளந்தால் சில நூறுதான் தேறும். அப்படி 300 லூமென் தரும் ஒன்றுக்கு 80 அங்குலத் திரையே எல்லை.

நம் வீடுகளில் வெள்ளைச் சுண்ணமும் பளபளக்கும் டைல்ஸ் தரையும் திரையிலிருந்து வரும் ஒளியை மீண்டும் திரைக்கே திருப்பி அனுப்பி, கறுப்பாக இருக்க வேண்டிய இடங்களைச் சாம்பலாக்கிவிடுகின்றன. பெரிய திரைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கரூரில் நெய்யும் கனத்த இருள்நிறத் திரைச்சீலைகளுக்கும், முன்பக்க மூன்று சுவர்களின் அடர் வண்ணத்துக்கும் கொடுத்தால் 100 அங்குலத்திலேயே கிடைக்கும் காட்சி ஆழம் வேறு. சோமனூர்க் காடாத் துணியை இழுத்துக் கட்டித் திரையாக்குவோரும் உண்டு; நெசவின் இடைவெளி வழியே ஒளி பின்னால் கசிவதாலும், துணி தளர்ந்து சுருக்கம் விழுவதாலும், தற்காலிகத் தேவைக்கு அன்றி அதை நான் பரிந்துரைப்பதில்லை.

கருவியை எங்கே மாட்டுவது என்பதும் அளவைக் கட்டுப்படுத்தும். கருவிக்கும் திரைக்கும் உள்ள தூரத்தைத் திரையின் அகலத்தால் வகுத்து வரும் எண்ணைக் கருவியின் விவரக் குறிப்பில் தந்திருப்பார்கள். அது 1.5 ஆக இருந்தால் 150 அங்குலத்துக்குக் கருவி 16 அடிக்கு மேல் தள்ளியிருக்க வேண்டும். 15 அடி அறையில் இயலாத காரியம். கூடவே நம் அறைகளின் நடுவில் சீலிங் ஃபேன் தொங்குகிறது. பத்தடி உயர அறையில் இறக்கைகள் ஒன்பதடி உயரத்தில் சுழல, தரையிலிருந்து மூன்றடி விட்டு மாட்டிய 150 அங்குலத் திரையின் மேல்விளிம்பும் ஒன்பதடியைத் தொடும்போது, கூரையில் மாட்டிய கருவியின் ஒளி ஃபேனை உரசிக்கொண்டு போய்ப் படத்தில் நிழல் துடிக்கும். 100 அங்குலத் திரையின் மேல்விளிம்பு ஏழடியில் நின்றுவிடுவதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வருவதில்லை. கழுத்தை நிமிர்த்திப் பார்க்க வேண்டியதுமில்லை.

ஆகவே, இத்தகைய கட்டுரைகளிலும் விளம்பரங்களிலும் திரையின் அகலத்தையும் உயரத்தையும் அடியில் குறிப்பிடவும், உட்கார வேண்டிய தூரத்தை அதனருகிலேயே அச்சிடவும் தாங்கள் ஆவன செய்ய வேண்டுகிறேன். வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: பழைய செய்தித்தாள்களைத் திரையின் அளவுக்குச் சுவரில் ஒட்டி, சோபாவைப் போட வேண்டிய இடத்தில் போட்டு, வீட்டிலுள்ள அனைவரும் சில நாள் அங்கே உட்கார்ந்து பாருங்கள்; கடைக்காரரிடம் முன்பணம் கொடுப்பதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பெருந்துறை, ஈரோடு மாவட்டம்.