துப்பாக்கி இல்லாவிட்டால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சுடும் ஆட்டங்கள் பிடிக்காதவர்களுக்கென்று ஃபேன்டஸி ஆர்பிஜி (மாய உலகக் கதையில் ஒரு பாத்திரமாக ஆடி, அதை வளர்த்துக்கொண்டே போகும்) வீடியோ கேம்களின் பட்டியல் ஒன்றைச் சென்ற இதழில் தந்திருந்தீர்கள். வாளும் மந்திரமும் இருக்கிறதா, துப்பாக்கி இல்லையா என்று மட்டும் பார்த்துத் தொகுத்தது போலிருக்கிறது. அந்த அளவுகோலை நம்பி வாங்குகிறவர்கள் பலர் முதல் நாளே ஆட்டத்தை மூடி வைத்துவிட நேரும்.

‘சுடுவது பிடிக்காது’ என்று ஒருவர் சொன்னால், அதில் எது பிடிக்கவில்லை என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். சிலருக்குத் துப்பாக்கியும் ரத்தமும் ஆகாது. வேறு சிலருக்கு ரத்தம் ஒரு பொருட்டே இல்லை. ஓடுகிற எதிரியின் மேல் திரையின் நடுப்புள்ளியைக் கொண்டுபோய் நிறுத்தி, அவன் நகர்வதற்குள் பட்டனை அழுத்த வேண்டிய அவசரம்தான் ஆகாது. இவர்கள் கையில் துப்பாக்கிக்குப் பதில் வில்லைக் கொடுத்து என்ன பயன்? 2017இல் வந்த ஹொரைசன் ஜீரோ டானும் ஆர்பிஜி வகையில்தான் சேர்கிறது. நாயகியின் முக்கிய ஆயுதம் வில். ஆனால் பாய்ந்து வரும் இயந்திர விலங்கின் உடலில் குறிப்பிட்ட பாகத்தைப் பார்த்து அம்பெய்து பெயர்த்தெடுப்பதுதான் அதன் சண்டையே. குறிபார்ப்பது ஆகாதவருக்கு அதைப் பரிசளிப்பது வம்பு.

மந்திரவாதியாக ஆடித் தப்பித்துக்கொள்ளலாமே என்றும் தோன்றும். ஸ்கைரிம் என்ற ஆட்டத்தில் அது அவ்வளவு எளிதல்ல. அங்கே நெருப்பும் மின்னலும் கையிலிருந்து நேர்கோட்டில் பாய்கின்றன. நடுப்புள்ளி எதிரி மேல் இல்லாவிட்டால் வீண்தான். வாளும் கேடயமும் எடுத்துக்கொண்டு, பார்வையை மூன்றாம் நபர் நிலைக்கு (பாத்திரத்தின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்ப்பதற்கு) மாற்றி, வில் வைத்திருக்கும் துணையாள் ஒருவரைக் கூட்டிச் சென்றால் குறிபார்க்கும் வேலை பெரும்பாலும் குறைந்துவிடும். டிராகன் பறந்துகொண்டிருக்கும்போது மட்டும் அது தரையிறங்கும்வரை மறைவில் காத்திருக்க வேண்டும். அதைக் கட்டாயமாகக் கீழே இறக்கும் மந்திர முழக்கம் முதன்மைக் கதையில் பின்னால்தான் கிடைக்கிறது. கடினநிலையை எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம். பாத்திரத்தின் கண்வழியே பார்க்கும் முதல் நபர் பார்வையில் தலைசுற்றுகிறவர்களுக்கும் இந்தப் பார்வை மாற்றம் உதவும். அவர்களுடைய சிக்கல் சுடுவதே இல்லை, கேமராதான் என்பதும் உண்டு.

விட்சர் 3 வாள் சண்டைதான். தண்ணீருக்கடியில் மட்டும் சிறு குறுக்குவில்லைத் தவிர வேறு ஆயுதம் பயன்படாது. பட்டனைப் பிடித்துக்கொண்டிருக்காமல் தட்டிவிட்டால் அதுவே குறி வைத்துக்கொள்ளும். எல்டன் ரிங்கில் கடினநிலையைக் குறைக்கவும் வழியில்லை, நினைத்த நொடியில் நிறுத்தி வைக்கத் தனி பட்டனும் இல்லை. அவசரம் பிடிக்காதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நான் பார்க்கச் சொல்வது வேறு. அடி விழுகிறதா இல்லையா என்பதை உங்கள் கைவேகம் முடிவு செய்கிறதா, ஆட்டத்தின் கணக்கு முடிவு செய்கிறதா? கணக்கு முடிவு செய்யும் ஆட்டங்களில் வில் இருந்தாலும் கவலையில்லை. பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டியில் கைத்துப்பாக்கிகூட உண்டு! ஆனால் எதிரியைச் சொடுக்கிக் காட்டுவதோடு உங்கள் வேலை முடிந்துவிடும். சண்டையை எந்த நொடியிலும் நிறுத்தி யோசிக்கலாம். துப்பாக்கி இல்லாத ஹொரைசனில் திணறுகிறவர் இதில் நிம்மதியாக ஆடுவார்.

முறைவைத்து ஆடும் டர்ன்-பேஸ்டு ஆட்டங்களில் இந்த நிம்மதி இன்னும் அதிகம். 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முறை வந்ததும் வழக்கமாக ஒரு செயல், ஒரு கூடுதல் சிறு செயல், பெரும்பாலான பாத்திரங்களுக்கு 9 மீட்டர் நடை கிடைக்கும். எதிரி மேல் சுட்டியை வைத்தால் அடி விழும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று காட்டும். உள்ளே உருள்வது 20 முகப் பகடை. நீங்கள் டீ குடித்துவிட்டு வந்தாலும் எதிரி காத்திருப்பான். வில்லாளியை மேட்டில் ஏற்றினால் பகடையில் 2 கூடும். எதிரி பக்கத்திலேயே நிற்கும்போது எய்தால் இரண்டு முறை உருட்டிக் குறைந்த எண்ணைத்தான் கணக்கில் எடுக்கும். ஆகவே எய்வதற்கு முன் இடம் மாறுவது நல்லது. சண்டை இல்லாத நேரத்திலும் கணினியில் ஷிப்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் முறைவைத்து நகரும் நிலைக்கு வந்துவிடலாம். பொறிகள் நிறைந்த குகையில் இது பெரிய வசதி.

புதியவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்றால், பெரும்பாலும் பாத்திரம் வளரும் முதல் இரண்டு லெவல்களில்தான். உயிர்ப்புள்ளிகள் அப்போது மிகக் குறைவு. இரண்டு அடியில் ஆள் விழுந்துவிடுவார். ஆட்டம் கடினம் என்று முடிவுகட்டிவிடாமல், மிக எளிய எக்ஸ்ப்ளோரர் கடினநிலையில் தொடங்கி நான்கு பேர் கொண்ட குழு சேரும்வரை பெரிய சண்டைகளைத் தள்ளிப்போடலாம். முதல் ஆட்டத்துக்கு ஃபைட்டர் எனும் போர்வீரர் பாத்திரம் போதும். விசார்டு எனும் மந்திரவாதி என்றால் ஒவ்வொரு மந்திரத்தின் விளக்கத்தையும் படித்துத் தீர வேண்டும். இன்னொரு பழக்கம், நேரம் கடந்துவிடுமோ என்ற பயத்தில் முகாமில் ஓய்வெடுக்காமலே போவது. மந்திரம் தீர்ந்து, உடம்பும் தேய்ந்து, சாதாரணச் சண்டையிலேயே தோற்பார்கள். முழு ஓய்வுக்கு எளிய, நடுத்தரக் கடினநிலைகளில் 40 உணவுப் புள்ளிகள் போதும். கண்ணில் படும் பீப்பாய், கூடையெல்லாம் திறந்து எடுத்துக்கொண்டால் பஞ்சம் வராது.

ஆனால் ரத்தம் ஆகாதவருக்கு இதே ஆட்டத்தைப் பரிந்துரைக்கவே கூடாது. ஐரோப்பிய தரச்சான்றில் இதற்கு 18 வயது முத்திரை. ஆடையில்லாக் காட்சிகளை அமைப்பில் மறைத்துக்கொள்ளலாம் என்றாலும், தொடக்கக் காட்சிகளிலிருந்தே கொடூரம் இருக்கிறது.

அவர்களுக்கு நான் முதலில் சொல்வது டிராகன் குவெஸ்ட் 11 எஸ். பெயரில் டிராகன் இருந்தாலும் 12 வயது முத்திரைதான். அரக்கர்கள் கார்ட்டூன் போல இருப்பார்கள். சண்டை முறைவைத்துத்தான். ஒரே ஒரு குழப்பம்: சண்டையில் பாத்திரத்தை அங்குமிங்கும் நடக்க விடும் ஒரு கேமரா அமைப்பு இருக்கிறது. நகர்ந்தால் எதிரியின் அடி தவறும் என்று எண்ணிச் சிலர் ஓடிக்கொண்டே இருப்பார்கள். அந்த நடைக்கு எந்தப் பலனும் இல்லை. கிளாசிக் கேமராவுக்கு மாற்றிவிட்டால் குழப்பம் தீரும். கூட்டாளிகளைத் தாங்களே சண்டையிட விடலாம், சண்டை வேகத்தையும் கூட்டலாம். கதை சூடுபிடிக்க நேரமாகும் என்பது நிஜம். இலவச டெமோவே ஏறத்தாழ 10 மணி நேரம் ஓடும். அதில் சேமித்ததை முழு ஆட்டத்துக்குக் கொண்டுபோகலாம் என்பதால் அவசரப்பட்டுக் காசு கொடுக்கத் தேவையில்லை.

யாரையும் கொல்லாமலே முடிக்க முடிகிற அண்டர்டேல் (2015) உங்கள் பட்டியலில் இருந்தது. மனதுக்கு இதமான ஆட்டம்தான். ஆனால் எதிரியின் முறையில் திரையில் மழையாக வரும் குண்டுகளிலிருந்து ஒரு சிறு இதயத்தை விரல் வேகத்தால் காப்பாற்ற வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டது சரியில்லை.

வாங்குமுன் விளம்பர வீடியோவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். யாராவது சாதாரணமாக ஆடிப் பதிவேற்றிய சண்டை ஒன்றை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். திரை நடுவில் புள்ளி இருக்கிறதா, எதிரி காத்திருக்கிறானா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கணினி ஆட்டங்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கினால், 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். பாத்திரத்தின் மூக்கையும் முடியையும் செதுக்கும் நேரமும் இந்த 2 மணியில் சேரும். ஆகவே சோதித்துப் பார்க்கும்போது தயாராக இருக்கும் பாத்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நேராக முதல் சண்டைக்குப் போய்விடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்