உன் பையில் இருந்த பாட்டில்

அன்புள்ள தம்பிக்கு,

பொங்கலுக்கு வந்தபோது ஜிம் பையை மறந்துவிட்டுப் போய்விட்டாய். துவைக்க எடுத்தேன். சைடு ஜிப்பில், துண்டுக்குள் சுருட்டி, ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில். லேபிளைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. மெஃபென்டெர்மின், இறங்கிப்போன பி.பி.யை ஏற்றுகிற ஊசி மருந்து. இருபத்தேழு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக என் கையில் புழங்கிய மருந்து அது. 10 மில்லியில் பாதிக்கு மேல் காலி. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

மெஃபென்டெர்மினை நாங்கள் எப்போது எடுப்போம் தெரியுமா? சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதும் ரத்தக்குழாய்கள் தளர்ந்து, சில தாய்மார்களுக்கு பி.பி. கிடுகிடுவென்று இறங்கும். "சிஸ்டர், கண்ணை இருட்டுது" என்பார்கள். மில்லிக்கு 30 மி.கி. இருக்கிற அந்த மருந்தை சலைனில் கலந்து 3 மி.கி., மிஞ்சினால் 6 மி.கி. ரத்தக்குழாயில் ஏற்றுவோம். ஏற்றிய கையோடு எல்லார் கண்ணும் மானிட்டர் மேல்தான் இருக்கும். உனக்கு எந்த பி.பி. இறங்கியது? உன் பக்கத்தில் யார் மானிட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்?

தெம்பு வரும் என்று நம்பித்தான் ஜிம்மில் இதைப் போடுகிறீர்கள். அது புதிதாக எந்தத் தெம்பையும் கொடுப்பதில்லை, தம்பி. நரம்பு முனைகளில் உடம்பு சேர்த்து வைத்திருக்கும் நார்அட்ரீனலினை, அதாவது ரத்தக்குழாயைச் சுருக்கி பி.பி.யை ஏற்றுகிற ரசாயனத்தை, பிழிந்து வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். சேமிப்பு குறையக் குறைய, அதே அளவு மருந்து முன்போல் வேலை செய்யாது. தியேட்டரிலேயே பார்த்திருக்கிறேன், முதல் டோஸுக்கு ஏறிய பி.பி. மூன்றாவதற்கு அசையாது. உடனே டாக்டர் வேறு மருந்துக்குப் போய்விடுவார். ஜிம்மில் என்ன செய்வீர்கள்? அளவைக் கூட்டுவீர்கள். பாதி பாட்டில் அப்படித்தான் காலியாகியிருக்கும் என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கமே இல்லை.

வெயிட் தூக்கும்போது இதயம் ஏற்கெனவே வேகமாகத்தான் அடிக்கிறது. அதன் மேல் இந்த ஊசியும் போட்டால் துடிப்பு தாறுமாறாகலாம். இருபது வயதுப் பிள்ளைக்கும் மாரடைப்பு வரலாம், மூளையில் ரத்தம் கசியலாம். தோலில் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் உடம்புச் சூடும் வெளியேறாது. களைப்பு என்பது உடம்பு உன்னிடம் "போதும்" என்று கெஞ்சுவது. அந்தக் குரலைத்தான் இந்த மருந்து அமுக்குகிறது.

இந்த முறை நீ ராத்திரி இரண்டு மணிக்கும் மாடியில் நடந்துகொண்டிருந்தாய். அப்பா சும்மா கேட்டதற்கு "என்னை எதுக்கு வேவு பாக்குறீங்க" என்று கத்தினாய். வேலை டென்ஷன் என்று நினைத்துவிட்டேன். தூக்கம் கெட்டு, யாரைப் பார்த்தாலும் சந்தேகம் வருவதும் இந்த மருந்தின் வேலைதான். நிறுத்தினால் சில நாள் அடித்துப் போட்டாற்போல் தூக்கம் வரும், மனசு கனக்கும். அதற்குப் பயந்து திரும்ப ஊசியை எடுத்துவிடாதே. அந்த நாட்களில் தனியாக இருக்காதே, நம் வீட்டில் வந்து இரு.

ஒரே பாட்டிலில் எத்தனை பேர் ஊசியை விட்டீர்கள்? இதை மட்டும் மறைக்காமல் சொல். ஹெப்படைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் டெஸ்ட் எடுத்துவிடலாம். நெஞ்சு வலித்தாலோ படபடப்பு அடங்காவிட்டாலோ உடனே 108-க்குக் கூப்பிடு. டாக்டரிடம் ஊசி போட்டதை முதல் வார்த்தையாகச் சொல், வெட்கப்படாதே. அது தெரிந்தால்தான் அவர் சரியான மருந்தை எடுப்பார்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. பாட்டில் என் பீரோவில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறு. சனிக்கிழமை காலையில் ஈ.சி.ஜி. எடுக்க நானும் கூட வருகிறேன்.

அம்மா