'ஒரு வீட்டுக்கு ஒரு நாய்' தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள்: எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

பெரம்பூர், சென்னை

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் 3 ஆம் தேதி பொதுக்குழுவில் நிறைவேற்றப்பட்டு, மறுநாள் லிஃப்ட் அருகே உள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டு, நகலொன்று என் வீட்டுக் கதவிடுக்கிலும் செருகப்பட்ட 'ஒரு வீட்டுக்கு ஒரு நாய்' என்ற தீர்மானம் குறித்து இம்மடலை எழுதுகிறேன். அதன் பின்னணியைத் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் வளாகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நாய்கள் இருப்பது என் வீட்டில் மட்டுமே என்பதால், அது யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதிலும் எவருக்கும் ஐயமில்லை. என் நான்கு நாய்களில் மூன்றைச் செப்டம்பர் 2 ஆம் தேதிக்குள் நான் வெளியேற்ற வேண்டுமாம். இத்தீர்மானத்தைத் தாங்கள் திரும்பப் பெற வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தீர்மானத்துடன் எழுத்துப்பூர்வமான புகார் ஒன்று இணைக்கப்பட்டுள்ளது. அது ஒன்றுதான் ஆதாரம். ஆறு ஆண்டுகளில் வேறு புகார் எதுவும் எழுத்தில் வந்ததில்லை. பகல் முழுவதும் நான்காம் தளத்திலிருந்து ஊளைச் சத்தம் கேட்கிறது, கைக்குழந்தையைத் தூங்க வைக்க முடியவில்லை என்று ஜூன் 9 ஆம் தேதியிட்ட அந்தக் கடிதம் கூறுகிறது. அதை எழுதிய சகோதரி மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர் எழுதியது முழு உண்மை. ஆனால் ஜூன் 9 அன்று என் வீட்டில் இருந்தது ஒரே ஒரு நாய்தான். மற்ற மூன்றும் பொன்னேரிக்கு அருகே என் தோழியின் தந்தையார் தோட்டத்தில் இருந்தன. 'சில நாட்கள் மூன்றை வெளியே அனுப்பிப் பாருங்கள், வளாகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம்' என்று மே மாத இறுதியில் என்னிடம் கேட்டதே செயற்குழுதான். அதற்கு இணங்கி ஜூன் 2 முதல் 20 வரை, பத்தொன்பது நாட்கள், தாங்கள் விரும்பியபடியே ஒரு வீட்டுக்கு ஒரு நாய் என்றுதான் வாழ்ந்தேன். அந்த நாட்களில் எழுந்த புகாரையே நான்கு நாய்களுக்கு எதிரான சான்றாக எடுத்துக் காட்டியிருக்கிறீர்கள். இதைப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அந்தப் பத்தொன்பது நாட்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். வீட்டில் இருத்திக்கொண்டது கருப்பியை. மூத்தவள், நிதானமானவள், நான் முதன்முதலில் வளர்த்தவள் என்பதால் தனியாகச் சமாளித்துக்கொள்வாள் என்று நம்பினேன். முதல் நாள் காலை எட்டரை மணிக்குப் பாரிமுனையில் உள்ள அலுவலகத்துக்குக் கிளம்பியபோது, மற்ற மூன்றும் வழக்கமாகப் படுக்கும் பாய்களை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டிருந்தாள். மாலை ஆறரைக்குத் திரும்பியபோது, கதவின் உட்புறத்தில் கைப்பிடி உயரம் வரை பெயின்ட் சுரண்டப்பட்டிருந்தது. மூன்றாம் நாள் அவளுடைய வலது முன்காலில் இரண்டு நகங்கள் வேரோடு பிய்ந்து, தரை டைல்ஸில் இரத்தத் தடம் வாசலிலிருந்து பால்கனி வரை போயிருந்தது. ஐந்தாம் நாளிலிருந்து வைத்த சோற்றைத் தொடவில்லை. நான் கதவைப் பூட்டிய அரை மணி நேரத்தில் தொடங்கும் ஊளை மதியம் வரை நிற்பதில்லை என்று எதிர்வீட்டு அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்த நாட்களில் மட்டும் என் காலடியில் படுத்து உறங்கினாள். ஜூன் 20 அன்று மற்ற மூன்றும் திரும்பி வந்தபோது அவள் குரைக்கவுமில்லை, துள்ளவுமில்லை. அவற்றில் ஒன்றான செவலையின் கழுத்தில் மூக்கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். மறுநாளிலிருந்து வீட்டில் சத்தமில்லை. இன்றுவரை இல்லை.

இந்த நாய்களின் இயல்பைச் சொன்னால் இது ஏன் என்று விளங்கும். கருப்பி கன்னி இனத்தவள். கருமையான உடலில் மார்பிலும் கால்களிலும் மட்டும் பழுப்பு நிறம் உடைய, தென் மாவட்டங்களில் முயல் வேட்டைக்கு வளர்த்த நாய். செவலை சிப்பிப்பாறை. ஒன்றோடொன்று உடன்பிறந்த மற்ற இரண்டும் சிப்பிப்பாறையை அயல்நாட்டுப் பந்தய நாயான கிரேஹவுண்டுடன் கலந்து பந்தயத்துக்காக உருவாக்கியவை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பந்தயத் தடத்தில் ஓடி ஓய்வு பெற்ற கிரேஹவுண்டுகளையும், 'லர்ச்சர்' என்று அவர்கள் அழைக்கும் வேட்டைக் கலப்பு நாய்களையும் வீட்டுக்கு எடுத்து வளர்ப்போர் ஏராளமாக இருக்கிறார்கள். பந்தய கிரேஹவுண்டு பிறந்தது முதல் தன் இனத்தோடு கூட்டமாகவே வளர்கிறது. தனிமை என்பதையே பல நாய்கள் ஓய்வுக்குப் பிறகுதான் முதன்முறையாகச் சந்திக்கின்றன. நம் ஊர் வேட்டை நாய்களின் வளர்ப்பும் பெரும்பாலும் அப்படித்தான். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பித் துரத்தும் இவ்வகை நாய்களில் கிரேஹவுண்டு மணிக்கு எழுபது கிலோமீட்டரை நெருங்கும் வேகத்தில் ஓடக்கூடியது. ஆனால் அந்த ஓட்டம் நிமிடக் கணக்கில்கூட நீடிப்பதில்லை. மிச்ச நேரமெல்லாம் உறக்கம்தான். பொதுக்குழுவில் ஒருவர் 'நாலு வேட்டை நாய்' என்று சொன்னபோது அரங்கில் எழுந்த சலசலப்பை நான் கவனித்தேன். என் வீட்டுப் பகல் நேரத்தை ஒருமுறை பார்த்தவர்கள் அப்படிச் சலசலக்க மாட்டார்கள்.

ஒன்றோடும் வாழ்ந்திருக்கிறேன், நான்கோடும் வாழ்கிறேன் என்ற முறையில் சிலவற்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் நின்ற கன்டெய்னர் லாரி ஒன்றின் அடியில் கருப்பியைக் கண்டெடுத்தது 2019 இல். ஊரடங்குக் காலத்தில் நான் வீட்டிலேயே இருந்ததால் அவள் ஒருத்தியாக இருப்பதில் குறையே தெரியவில்லை. நான் மீண்டும் அலுவலகம் போகத் தொடங்கியபோதுதான் ஊளை தொடங்கியது. 2021 இல் செங்குன்றத்திலிருந்து செவலை வந்தான். ஒரே வாரத்தில் ஊளை நின்றது. இரண்டாவது நாய் வந்தால் எல்லா வீட்டிலும் இப்படி ஆகும் என்று நான் சொல்ல மாட்டேன், மனிதர் போனால் மனிதரே வேண்டும் என்று அழும் நாய்களும் உண்டு. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனது எனக்குப் பெரிய பாரமாகத் தெரியவில்லை. 2022 இல் மீஞ்சூரில் பூட்டிய வீட்டில் விட்டுச் செல்லப்பட்ட உடன்பிறப்புகள் இரண்டும் சேர்ந்தபோதுதான், எனக்கு இருப்பது இரண்டு கைகள் மட்டுமே என்பது உறைத்தது. அதனால் விடியற்காலை நாலே முக்காலுக்கு இரண்டிரண்டாக, இரு முறை, பேப்பர் மில்ஸ் சாலை வரை நடத்திச் செல்கிறேன். இவற்றின் கழுத்து தலையைவிடக் குறுகியதல்ல என்பதால் சாதாரணப் பட்டை நழுவிவிடும். இழுத்தால் இறுகும் அகலப் பட்டைகளைத் தனியாகத் தைத்து வாங்கினேன். நான்குக்கும் சோறு தனித்தனி மூலையில்தான். தடுப்பூசி, உணவு, மருந்து எல்லாம் சேர்ந்து மாதம் பதினோராயிரம் ரூபாய் ஆகிறது. ஒரு நாய் பூனையைப் பார்த்தால் யோசிக்கும், இரண்டு சேர்ந்து பார்த்தால் யோசிக்காது என்பதும் உண்மை. இரண்டாம் தளத்துப் பூனையைக் குறித்த கவலை நியாயமானது என்பதை ஏற்று, படிக்கட்டில் இறங்கும்போது நான்குக்கும் வாய்மூடி போடுவதைச் சென்ற ஆண்டே வழக்கமாக்கிவிட்டேன்.

பெற்றோர்களின் அச்சத்தையும் நான் சிறிதாக எண்ணவில்லை. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறிய செய்தியை வாசித்துவிட்டு நானும் பதறினேன். அங்கே பிடிப்பாரின்றி அவிழ்ந்து கிடந்த கயிறுதான் அந்தக் குழந்தையைக் காயப்படுத்தியது என்றே நான் கருதுகிறேன். அதனால் கயிறு கட்டாயம், வாய்மூடி கட்டாயம், ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று கட்டாயம் என்று தீர்மானம் போடுங்கள். முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும். நாய் ஒன்றே ஆனாலும் அவிழ்த்து விட்டால் ஆபத்துதான் என்பதை, எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் இந்தத் தீர்மானம் கவனிக்கவே இல்லை.

மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பரில், தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்ற இரண்டு இரவுகளை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. அன்று தரைத்தளத்துக் குடும்பம் ஒன்று, பாட்டியும் இரண்டு குழந்தைகளும் உட்பட ஐந்து பேர், என் கூடத்தில்தான் தங்கினார்கள். நான்கு நாய்களும் அதே கூடத்தில்தான் இருந்தன. உறங்கும்போது திடீரெனத் தொட்டால் இவை திடுக்கிட்டு எழும், அதனால் பெயர் சொல்லி எழுப்பிவிட்டே தொட வேண்டும் என்று குழந்தைகளிடம் ஒருமுறை சொன்னேன். அதை அவர்கள் மறக்கவில்லை; இன்றும் படிக்கட்டில் பார்த்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகே கிட்டே வருகிறார்கள்.

சட்டத்தைக் காட்டி மிரட்டுவது என் நோக்கமன்று; ஆயினும் தெரிந்ததைச் சொல்லாமல் விடுவதும் முறையன்று. குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பான்மை வாக்கினால்கூடச் செல்லப் பிராணிகளுக்குத் தடை விதிக்க இயலாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. பசியிலோ தாகத்திலோ வாடும் நிலைக்கு ஒரு விலங்கைக் கைவிடுவது 1960 ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். மூன்றை வெளியேற்று என்கிற தீர்மானம், எங்கே வெளியேற்றுவது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பொன்னேரித் தோட்டம் பத்தொன்பது நாட்களுக்குக் கிடைத்த உதவி மட்டுமே. அந்தப் பெரியவருக்கு எழுபத்தெட்டு வயது. என் நான்கு நாய்களுக்கும் மாநகராட்சி உரிமம், மைக்ரோசிப், தடுப்பூசிப் பதிவு ஆகிய அனைத்தும் உள்ளன. நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

இந்த இடத்தில் என் மனத்தில் உள்ள மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2017 ஆம் ஆண்டு மெரினா போராட்டத்துக்குப் பிறகு நாட்டு இனங்கள் மீது ஊரெங்கும் பெருமிதம் பிறந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமரே தம் வானொலி உரையில் சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, இராஜபாளையம் ஆகிய பெயர்களைச் சொன்னார். பெருமைக்குக் குட்டி வாங்கியவர்களில் எத்தனையோ பேர், அது வளர்ந்து நீண்டு ஓட இடம் கேட்டபோது, நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுப் போனார்கள். 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முயல் வேட்டை குற்றம் என்பதால், வேட்டைக்கென்றே வளர்த்தவற்றுக்கும் இப்போது வேலையில்லை. விற்றவரை எவரும் கேட்பதில்லை, வாங்கியவரை எவரும் கேட்பதில்லை, இறக்கிவிட்டுப் போன வண்டியின் எண்ணை எவரும் குறித்துக்கொள்வதில்லை. சாலையிலிருந்து தூக்கி வந்து, ஊசி போட்டு, உரிமம் பெற்று, பெயர் வைத்து வளர்ப்பவர் வீட்டுக் கதவில்தான் நோட்டீஸ் செருகப்படுகிறது. இதை எழுதும்போது என் சொற்கள் சற்றுக் கடுமையாகிவிட்டன என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் வளாகத்தின் மீதான கோபமாக இதைக் கொள்ள வேண்டாம்.

எனவே மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். ஆகஸ்ட் 3 ஆம் தேதித் தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள். அதற்குப் பதிலாகச் சுத்தம், சத்தம், கயிறு, தடுப்பூசி ஆகிய நான்கைக் கொண்டு ஒவ்வொரு வீட்டையும் அளக்கும் விதி ஒன்றை இயற்றுங்கள். ஒரு நாய் உள்ள வீட்டுக்கும் அதுவே பொருந்தட்டும். முடிவெடுக்கும் முன், செயற்குழுவிலிருந்து இருவர், என்னிடம் முன்கூட்டிச் சொல்லாமலேயே, ஏதேனும் ஒரு வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு என் வீட்டு வாசலில் பத்து நிமிடம் நின்று கேட்டுவிட்டுப் போக வேண்டுகிறேன். வீட்டுக்குள் வந்து பார்க்க விரும்பினால் எதிர்வீட்டு அம்மாவிடம் சாவி உள்ளது. கருப்பிக்கு அந்த இரண்டு நகங்களும் இன்னும் முழுதாக வளரவில்லை. கதவையும் நான் வேண்டுமென்றே பெயின்ட் அடிக்காமல் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 2 ஆம் தேதிக்கு முன்பாகத் தங்கள் பதிலை எழுத்து வடிவில் தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நான்காம் தளக் குடியிருப்பாளர்