சுண்ணாம்புச் சுவர்களை இடிக்கும் முன்

ஆசிரியருக்கு,

கடலோர ஊர்களில் பழைய கட்டடங்களை இடிக்க நோட்டீஸ் கொடுப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்து மனம் கனத்தது. கீழக்கரையில் பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டிய வீடுகள், பழையவை என்பதாலேயே ஆபத்தானவை ஆகிவிடாது. 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. கடலிலிருந்து இனி ஒரு கல்லும் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. ஆகவே இடித்த சுவரை அதே கல்லில் மறுபடி எழுப்ப வழியே இல்லை.

நான் வளர்ந்தது ஆறு குடும்பங்கள் ஒரே முற்றத்தையும் ஒரே கிணற்றையும் பகிர்ந்துகொண்ட ஒண்டுக்குடித்தன வீட்டில். சித்திரை வெயிலிலும் உள்ளறை குளுகுளுவென்று இருக்கும். அப்புறம் வீட்டுக்காரர் நல்லது என்று நினைத்துச் சிமென்ட் பூசினார். சுவருக்குள் ஈரம் அடைபட்டு, மூன்றே மழைக்காலத்தில் உப்புப் பூத்துப் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே கல் உறுதியாகத்தான் இருந்தது. எனவே நோட்டீஸ் கொடுக்கும் முன் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரோடு ஒரு பொறியாளரையும் அனுப்பிச் சுவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். சிமென்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு பூச நகராட்சி மானியமும் தரலாம்.

- ஒரு வாசகர், கீழக்கரை